மனத்தில் கொஞ்சம் இடம்

கரும்பு போடுகிற விவசாயிக்குப் பணம் மாதாமாதம் வராது. பயிர் ஏறக்குறைய ஒரு வருஷம் வயலில் நிற்கும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து, ஆள் விட்டு வெட்டி, வண்டி ஏற்றி அனுப்பி, அதற்கப்புறம்தான் தொகை கைக்கு வரும். வரும்போது மொத்தமாக வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கும், மளிகைக் கடையில் பாக்கி ஏறியிருக்கும். பணம் வந்ததும் நகை திரும்பும், பாக்கி தீரும். ஒரே மனிதர் ஒரே வருஷத்துக்குள் கையில் ஒன்றுமில்லாதவராகவும் ஓரளவு வசதியானவராகவும் வாழ்ந்து பார்க்கிறார்.

இந்த ஏற்ற இறக்கத்தையே ஒரு சோதனையாக ஆக்கலாம் என்று நான்கு ஆய்வாளர்களுக்குத் தோன்றியது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டார்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் அவர்களின் நிலையைக் கேட்டு எழுதினார்கள். முன்பு 100-க்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 பேராகக் குறைந்தது. இரண்டு நிலையிலும் அவர்களுக்கு இரண்டு சின்னப் பரீட்சைகள் வைக்கப்பட்டன.

முதல் பரீட்சையில் ஒரு படவரிசை இருக்கும், அதில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே தந்திருக்கும் துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போடலாம். ரேவன் என்பவரின் பெயரால் உலகம் முழுக்கப் புழங்குகிற புத்திக்கூர்மைச் சோதனை அது. இரண்டாவது இன்னும் எளிது, இங்கேயே செய்து பார்க்கலாம். கீழே ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று வாய்விட்டு வேகமாகச் சொல்லுங்கள். அது என்ன எண் என்று சொல்லிவிடக் கூடாது.

5 5 5 — 2 2 2 2 — 4 — 3 3 — 1 1 1

மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் நாக்கு நுனியில் ஐந்து, இரண்டு, நான்கு என்றுதான் முதலில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டு எண்ணிச் சொல்லக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தானாக வருகிற சொல்லைத் தடுக்கிற அந்த உழைப்பைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதும், வேலைக்கு நடுவில் போனை எடுக்கப் போகிற கையைத் திருப்பிக்கொள்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த உழைப்புதான்.

அறுவடைப் பணம் வந்த பிறகு படப் புதிரில் 10-க்குச் சராசரியாக 5.45 சரியான விடைகள் வந்தன. பணம் வருவதற்கு முன் 4.35 தான். எண் சோதனையை முடிக்கப் பின்பு 131 விநாடி ஆனது, முன்பு 146 விநாடி. முன்பு பிழைகளும் அதிகம். பருவம் மாறியதால் வந்த வித்தியாசமாக இருக்குமோ என்று கேட்கலாம். ஆலை எல்லோருடைய கரும்பையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாது. அறுவடை பல மாதங்களுக்குப் பரவிக் கிடக்கும். அதே மாதத்தில் ஒருவருக்குப் பணம் வந்திருக்கும், பக்கத்து வயல்காரருக்கு வந்திருக்காது. அதனால் வெயிலையோ மழையையோ காரணம் காட்ட வழியில்லை. 2013-ல் சயின்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இதில் கேள்வி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி சோதித்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சில நாள் கைமுடைக்கும், ஒரு வருஷம் காத்திருக்கிற முடைக்கும் இடையில் உள்ள தூரம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும் கரும்புக் கிராமங்களின் ஆய்வு சொல்கிற காரணம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. தீராத கணக்கு ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், மற்றதற்கு மிஞ்சுகிற இடம் குறைகிறது.

சுயமுன்னேற்றம் பற்றி எழுதப்படும் பெரும்பாலான புத்தகங்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அவை மனவுறுதியிலிருந்து தொடங்குகின்றன. விடியற்காலையில் எழு, தள்ளிப்போடாதே, தைரியமாகப் பேசு. செய்ய முடியாதவருக்கு உறுதி போதவில்லை என்று முடித்துவிடுகின்றன. இதனால் எத்தனையோ நல்ல மனிதர்கள் தங்களையே குறைவாக நினைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். மனவுறுதி என்பது தீர்ந்துபோகிற எரிபொருள், பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் என்று உளவியலிலேயே ஒரு கொள்கை 1998-லிருந்து செல்வாக்கோடு இருந்தது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதை மறுபடி சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வந்தது.

மனத்தின் இடம் சிறியது என்பதற்கோ நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரே சமயத்தில் நினைவில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை ஏழு, ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். அது தாராளமான கணக்கு, உண்மையில் நான்கு அளவில்தான் இருக்கும் என்று நெல்சன் கவன் 2001-ல் காட்டினார். நான்கு. காலையில் வேலைக்குக் கிளம்பும் ஒருவர் மின்கட்டணம், மகளின் காய்ச்சல், நேற்று மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை, இன்று அனுப்ப வேண்டிய கோப்பு என்று பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினால், இடம் அப்போதே நிறைந்துவிட்டது. பயன் தருகிற பழக்கங்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த இடத்தை மீட்டுக் கொடுப்பவை. அப்படிப் பார்த்தால்தான் எந்தப் பழக்கம் ஏன் வேலை செய்கிறது, எது வெறும் பேச்சு என்பது பிடிபடுகிறது.

முடிக்காத வேலையிலிருந்து தொடங்கலாம்.

1920-களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில், குர்ட் லெவினின் மாணவியாக இருந்த ப்ளூமா ஸெய்கார்னிக், ஆட்களைக் கூப்பிட்டு வரிசையாகச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். மணி கோப்பது, களிமண்ணில் உருவம் செய்வது, புதிர் போடுவது போன்றவை. பாதி வேலைகளை முடிக்கவிட்டார், பாதியை நடுவில் நிறுத்தி வாங்கிக்கொண்டார். பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, நிறுத்தப்பட்டவைதான் அதிகமாக நினைவில் இருந்தன. 1927-ல் அது அச்சானது. பின்னால் வந்தவர்கள் செய்து பார்த்ததில் நினைவு பற்றிய அந்த முடிவு நிலையாகக் கிடைக்கவில்லை. ஆனால் அதே குழுவைச் சேர்ந்த மரியா ஓவ்சியாங்கினா கவனித்த இன்னொன்று நிலைத்து நிற்கிறது. பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் அந்த வேலைக்கே திரும்பிப் போனார்கள். முடிக்காதது நம்மை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதியா? அது நடக்கிற காரியம் இல்லை. 2011-ல் மசிக்காம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் இதற்கு ஒரு அழகான விடை கண்டார்கள். முடிக்காத வேலைகளை நினைக்கச் சொல்லிவிட்டு ஒரு நாவலின் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே படிப்பில் மனம் நிற்கவில்லை. இன்னொரு கூட்டத்தாரிடம் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொன்ன பிறகு படிக்கக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இடையூறு இல்லை. வேலை ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை, திட்டம் மட்டும்தான் போடப்பட்டிருந்தது. மனத்துக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கு இதில் அடங்காத வியப்பு உண்டு. மனம் கேட்பது வேலையின் முடிவை அல்ல, அந்த வேலைக்கு ஒரு நேரமும் இடமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற உத்தரவாதத்தை மட்டும்தான்.

ஆகவே பட்டியல் எழுதுகிற விதம் முக்கியம். காகிதத்தில் “ரேஷன் கார்டு” என்று இரண்டு சொல் எழுதி வைத்தால், பார்க்கும்போதெல்லாம் அது கவலையைத்தான் கிளப்பும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “புதன் காலை 10 மணி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இ-சேவை மையம், பாப்பா பெயர் சேர்க்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் செவ்வாய் இரவே பையில்.” நீளம் அதிகம், எழுத அரை நிமிஷம் கூடுதலாகும். ஆனால் புதன்கிழமை வரை தலை அதைச் சுமக்க வேண்டியதில்லை. பேட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கிறிஸ்துமஸ் மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார். எங்கே உட்கார்ந்து, எப்போது எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொல்லப்பட்டவர்களில் 10-க்கு 7 பேருக்கு மேல் அனுப்பினார்கள். நல்லெண்ணத்தோடு மட்டும் கிளம்பியவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

இரவில் தூக்கம் வராமல் நாளைய வேலைகள் வரிசைகட்டி வருபவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார். படுக்கும் முன் ஐந்து நிமிஷம் எழுத வேண்டும். பாதிப் பேர் அன்றும் அதற்கு முந்தைய நாட்களிலும் முடித்ததை எழுதினார்கள், மீதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். நாளைய பாரத்தைத் தொட்டால் தூக்கம் போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டியல் ஒருமுறை செய்கிற வேலைகளுக்கு. தினமும் செய்ய வேண்டியதைத் தினமும் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்க முடியாது, அது பழக்கத்துக்குள் இறங்க வேண்டும்.

21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதன் வேரைத் தேடிப் போனால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போய் நிற்கும். மூக்கைத் திருத்திக்கொண்ட ஒருவர் கண்ணாடியில் தெரிகிற புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் 1960-ல் எழுதினார். காலையில் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, “குறைந்தது” என்ற சொல்லும் வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து உண்மையாகவே அளந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச தூரம் நடை என்று ஆளுக்கொரு புதுப் பழக்கம். யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு அந்தப் போக்கில் போனால் 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது.

அந்த ஆய்வில் என் மனத்துக்கு மிகவும் ஆறுதலாக இருப்பது, ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகிறது என்ற பகுதி. ஒன்றும் ஆகவில்லை. பழக்கம் படிகிற வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. மூன்றாம் நாள் தவறியதும் “நமக்கு இது சரிப்பட்டு வராது” என்று கைவிடுகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது.

பழக்கம் படியும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் எலிகளைக் கொண்டு பார்த்தார். டி எழுத்து வடிவத்தில் ஒரு சந்து, ஒரு முனையில் இனிப்பு. புதிதாக ஓடும்போது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் செல்கள் ஓட்டம் முழுக்கச் செயல்பட்டன. பலமுறை ஓடிப் பழகியபின் அந்தச் செயல்பாடு தொடக்கத்திலும் முடிவிலும் குவிந்தது, நடுவில் அடங்கிப்போனது. பல அடிகளாக இருந்தது ஒரே உருப்படியாகச் சேர்ந்துவிட்டது. நான்கு இடமே உள்ள மனத்துக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் பல் துலக்குவதற்கு நம்மிடம் யாரும் மனவுறுதி கேட்பதில்லை.

உருப்படியைத் தொடங்கி வைப்பது சூழல். 2011-ல் டேவிட் நீலும் வென்டி வுட்டும் மற்றவர்களும் ஒரு திரையரங்கில் வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது, சிலருக்கு ஒரு வாரத்துக்கு முந்தையது. சினிமாவுக்குப் போனால் பாப்கார்ன் சாப்பிட்டே தீர வேண்டும் என்ற பழக்கம் உள்ளவர்கள் பழையதையும் புதியதைப் போலவே சாப்பிட்டார்கள், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. அதே பழக்கமுள்ள வேறு சிலரை ஒரு கூட்ட அறையில் பாட்டு வீடியோ பார்க்க உட்காரவைத்துக் கொடுத்தபோது பழையதை ஒதுக்கினார்கள். திரையரங்கிலேயே, வழக்கமான கைக்குப் பதில் மறு கையால் சாப்பிடச் சொன்னபோதும் ஒதுக்கினார்கள். ஒரு பழக்கத்தை விட நினைப்பவர் தன்னைத் திட்டிக்கொள்வதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. போன் இரவு முழுக்க அடுத்த அறையில் சார்ஜ் ஏறட்டும். நடைச் செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும்.

இனி நாலு பேர் முன்னால் நிற்கிற விஷயம். இடம் அதிகமாகப் பறிபோவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு கூட்டத்தில் பேச எழுந்தவர் சொல்ல வந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, கூடவே தன் கை நடுங்குகிறதா, குரல் உடைகிறதா, சட்டை கசங்கியிருக்கிறதா, அந்த மூலையில் இருப்பவர் ஏன் சிரித்தார் என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னைத் தானே வெளியிலிருந்து கண்காணிக்கிற இந்த வேலையே பேச்சுக்குரிய இடத்தைத் தின்றுவிடுகிறது.

அந்தக் கண்காணிப்பு எவ்வளவு வீண் என்று கார்னல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஒரு மாணவருக்கு பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டிசர்ட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வயசுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொண்டு வெளியே தலைகாட்டவே கூச்சம். மற்றவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற அறைக்குள் அவரை அனுப்பி, சிறிது நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் என்றார்கள் மாட்டியிருந்தவர்கள். அறையில் இருந்தவர்களிடம் கேட்டால் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். பிறகு மாணவர்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளக்கூடிய படங்களை, பாப் மார்லி, மார்ட்டின் லூதர் கிங் போன்றவர்களுடையதை, மாட்டிவிட்டு அனுப்பினார்கள். அப்போதும் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைத்தார்கள். கவனித்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. 2000-ல் வெளிவந்த ஆய்வு இது.

கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-ல் ஒரு படி மேலே போனார்கள். மேடையில் பேச வேண்டிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், “உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை, ஆராய்ச்சியில் அப்படித்தான் வந்திருக்கிறது” என்று விளக்கினார்கள். இன்னொரு பகுதியினரிடம் பதற்றப்படாதீர்கள் என்று வழக்கமான ஆறுதல் சொன்னார்கள். முதல் பகுதியினர் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பேசியவர்களும் அப்படி உணர்ந்தார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பெண் போட்டார்கள். பதற்றம் வெளியே தெரிகிறதா என்று காவல் காக்க வேண்டியதில்லை என்பது தெரிந்ததும் அந்த இடம் பேச்சுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, இடுப்பில் கைவைத்து நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிஷம் நின்றால் ஹார்மோனே மாறித் தைரியம் வரும் என்ற அறிவுரை ஒரு காலத்தில் உலகம் சுற்றியது. 2010-ல் 42 பேரிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. 2015-ல் 200 பேரிடம் சோதித்தபோது ஹார்மோனும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. அடுத்த ஆண்டு மூல ஆய்வின் முதல் ஆசிரியரான டானா கார்னியே தான் இனி அதை நம்பவில்லை என்று எழுதினார். அப்படி எழுதுவதற்கு வேண்டிய துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பேசி முடித்த பிறகும் மனம் விடுவதில்லை. அவர் என்ன நினைத்திருப்பார், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ராத்திரி முழுக்க ஓடும். எரிக்கா பூத்பியும் கஸ் கூனியும் மற்றவர்களும் 2018-ல் இதையும் அளந்தார்கள். அறிமுகமில்லாத இருவரைப் பேசவிட்டு, அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பக்கத்தாருமே தங்களை மற்றவருக்குப் பிடித்ததைக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களிடையே இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. சிகாகோவில் நிக்கலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் புறநகர் ரயில் பயணிகளைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொன்னபோதும் இதே கதைதான். பேசினால் பயணம் சகிக்காது என்று மற்றவர்கள் கணித்தார்கள். பேசியவர்களுக்கோ பயணம் தனியாக உட்கார்ந்து போனவர்களைவிட இனிமையாகக் கழிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேருந்தில் ஒரு பெண் பக்கத்து ஆணிடம் பேச்சுக் கொடுக்க யோசிப்பது வேறு கணக்கு, அது அனுபவத்திலிருந்து வந்த எச்சரிக்கை. அதைக் கூச்சம் என்று சொல்லக் கூடாது.

என்ன பேசுவது என்று தெரியாதவருக்கு ஒரு வழி. கேரன் ஹுவாங்கும் மற்றவர்களும் ஹார்வர்டில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்பவர்களைப் பிறருக்கு அதிகம் பிடித்தது, அதிலும் எதிராளி சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர்களை. “உங்க ஊர் எது சார்?” “தென்காசிப் பக்கம், கடையம்.” இங்கே “அப்படியா, நான் மதுரை” என்று சொன்னால் பேச்சு இரண்டு ஊர்களாக நின்றுபோகும். “கடையமா? குற்றாலச் சாரல் அங்க வரைக்கும் அடிக்குமா சார்?” என்று கேட்டால் அவர் ஆனி, ஆடி மாசத்துக் காற்றைப் பற்றியே கால் மணி நேரம் பேசுவார். கேட்பவரின் கவனம் முழுக்க அவர் பேச்சில் இருக்கும், தன் கையைக் கவனிக்க அதில் இடமே இருக்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கூச்சம் வேலைக்குப் போவதையும் சாப்பிடப் போவதையுமே தடுக்கிற அளவுக்கு இருந்தால் அது சிகிச்சையால் நன்றாகக் குறையக்கூடிய ஒரு நோய். மருத்துவரைப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

வேலையிடத்துக்கு வருவோம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். பிற்பாடு அவரே மருந்தும் கண்டார். யாராவது வந்து கூப்பிட்டால் உடனே எழுந்துவிடாமல், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்தால் அந்த ஒட்டல் குறைகிறது. பெர்லினில் மணி கோத்தவர்களின் கதைதான் இங்கேயும் நடக்கிறது.

வேலை எத்தனை நாளில் முடியும் என்ற கணிப்பிலும் நாம் தாராளப் பிரபுக்கள். கனடாவில் பட்டப் படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 34 நாள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள். நிஜத்தில் 55 நாளைத் தாண்டியது. 1994-ல் வெளிவந்த ஆய்வு. போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய டைரியைப் புரட்டிப் பார்த்து வாக்குக் கொடுப்பது ஒன்றுதான் இதற்கு நம்பகமான வழி. கெடு தவறினால் வருகிற கவலையும் அதே நான்கு இடங்களில்தான் வந்து உட்காரும்.

இதெல்லாம் தனி ஆள் செய்துகொள்ளக்கூடியது. தனி ஆளால் ஆகாததும் உண்டு என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. பெஸ்ஸோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா என்ற ஐந்து பொருளியலாளர்கள் குறைந்த வருமானமுள்ள 452 பேரைத் தரவுப் பதிவு வேலையில் அமர்த்தி, அவர்கள் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்தார்கள். படுக்கையில் எட்டு மணி நேரம் இருக்கிறார்கள். தூங்குவது ஐந்தரை மணி நேரம். நடுவில் திரும்பத் திரும்ப விழிப்பு. புழுக்கமும் கொசுவும் சத்தமும் நெரிசலும் உள்ள வீட்டில் படுத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்மறைப்பு, காதடைப்பான் போன்ற பொருட்களும் அறிவுரையும் ஊக்கத்தொகையும் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. வேலைத் திறனில் அதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. கூடிய தூக்கமும் அதே உடைந்த தூக்கம்தான் என்பது காரணமாக இருக்கலாம்.

இன்னொரு பகுதியினருக்கு அலுவலகத்திலேயே, அமைதியான ஓரிடத்தில், மதியம் அரை மணி நேரம் படுத்துத் தூங்க இடம் கொடுத்தார்கள். அது வேலை செய்தது. தட்டச்சின் வேகமும் துல்லியமும் சேர்ந்து உயர்ந்தன, கவனம் கூடியது, மனநிலை மேம்பட்டது, கொஞ்சம் அதிகமாகச் சேமிக்கவும் செய்தார்கள். 2021-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் அந்த அரை மணியிலும் தட்டச்சு செய்தவர்களைவிடக் குறைவாகத்தான். பதிவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒருவரிடம் மதியம் தூங்கு, உனக்கு நல்லது என்று சொன்னால் அன்றைய வருமானத்தை இழக்கச் சொல்கிறோம் என்று பொருள். இந்தப் பழக்கத்துக்குத் தேவையானவை முதலாளியின் கையில் இருக்கின்றன: ஒரு பாய், ஒரு மின்விசிறி, சத்தமில்லாத ஒரு மூலை, கூலியில் கழிக்கப்படாத அரை மணி நேரம்.